அண்ணன் மகனைச் சென்னைக்கு அனுப்பி வைத்தால் அவன் பத்திரமாக இருப்பானா?

கேள்வி: நங்கநல்லூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் குடும்பம் பதினொரு ஆண்டுகளாக அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வசிக்கிறது. அவருடைய மகன் நான்கு வயதில் இங்கிருந்து போனவன். இப்போது அவனுக்கு 15 வயது. சென்ற மாதம் பள்ளிக் கழிவறையில் வேப் எனப்படும் மின்சிகரெட்டுடன் பிடிபட்டான். ஐந்து நாட்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று இரவே அண்ணன் என்னை அழைத்து, "இனியும் இவனை இங்கே வைத்திருந்தால் கைவிட்டுப் போய்விடுவான், ஜூன் மாதம் உன்னிடம் அனுப்பிவிடுகிறேன், பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் அங்கேயே படிக்கட்டும்" என்றார். பேசும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அப்பா இறந்த அன்றைக்குப் பிறகு அண்ணன் அழுது நான் கேட்டதில்லை.

நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதற்குக் காரணம் என் சொந்த மகன்.

அவனுக்கு 16 வயது. அண்ணனும் அண்ணியும் எப்போதும் அவனைத்தான் உதாரணமாகச் சொல்வார்கள். நன்றாகப் படிக்கிறான், பெரியவர்களுக்கு மரியாதை தருகிறான், கோயிலுக்கு வருகிறான் என்று தங்கள் மகனிடம் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். மூன்று வாரங்களுக்கு முன்பு கடும் வெயிலிலும் அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருந்ததைப் பார்த்து நான் வற்புறுத்திக் கேட்டபோதுதான், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது தெரிந்தது. நண்பனின் அண்ணனுடைய பைக்கை எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் ஈ.சி.ஆர். சாலையில் நான்கு பேர் இரண்டு வண்டிகளில் வேகம் பார்த்திருக்கிறார்கள். உரிமமும் இல்லை, தலைக்கவசமும் இல்லை. டியூஷனுக்குப் போவதாகச் சொல்லித்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறான். இது முதல் முறை அல்ல என்பதையும் அவனே ஒப்புக்கொண்டான்.

இதை நான் இன்னும் அண்ணனிடம் சொல்லவில்லை. அங்கே இருந்தால் பிள்ளை கெட்டுவிடும், இங்கே இருந்தால் கெடாது என்ற நம்பிக்கையில் ஒருவர் தன் ஒரே மகனை என் வீட்டுக்கு அனுப்பப் போகிறார். என் வீட்டில் நடந்ததோ இது. உண்மையில் வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் இங்கே வளரும் பிள்ளைகளைவிட அதிகமாக ஆபத்தான பழக்கங்களில் விழுகிறார்களா? இடத்தை மாற்றினால் பழக்கம் மாறுமா? இப்படிப் பிள்ளையை அனுப்பியவர்களும், அப்படி அனுப்பப்பட்டு வந்தவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: பள்ளி ஆலோசகர், பெரம்பூர்

அம்மா, முதலில் உங்கள் மகனுடைய காயம் ஆறிவிட்டதா, டி.டி. ஊசி போட்டீர்களா என்று சொல்லுங்கள். சாலையில் உரசிய காயத்தைச் சில நாட்கள் மறைத்து வைத்திருந்தால் உள்ளே சீழ் பிடிக்கக்கூடும். மருத்துவரிடம் காட்டாமல் இருந்தால் நாளைக்கே காட்டிவிடுங்கள்.

பள்ளி மாணவர்களிடம் பேசுவதே இருபது ஆண்டுகளாக என் வேலை. உங்கள் முதல் கேள்விக்கு, பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறான விடையை ஆய்வுகள் தருகின்றன. அமெரிக்காவில் 1994–95ஆம் கல்வியாண்டில் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவர்களைக் கொண்டு தொடங்கி, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின்பும் பின்தொடர்ந்து வந்த 'ஆட் ஹெல்த்' என்னும் பெரிய ஆய்வில், வெளிநாட்டில் பிறந்து அங்கே குடியேறிய பிள்ளைகள் புகை, மது, போதை, அடிதடி ஆகியவற்றில் அந்நாட்டிலேயே பிறந்த பிள்ளைகளைவிடக் குறைவாகவே ஈடுபட்டது தெரிந்தது. புதிய மொழி, புதிய ஊர், பல வீடுகளில் பணமுடை என்று எல்லாமே எதிராக இருந்தும் அவர்கள் கட்டுக்குள் இருந்தார்கள் என்பதால் இதை ஆய்வாளர்கள் ஒரு முரண்பாடாகவே பேசுகிறார்கள். ஆனால் அங்கே வாழும் ஆண்டுகள் கூடக்கூட, அடுத்த தலைமுறை வர வர, அந்த வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போகிறது. வீட்டின் பிடி தளர்வதும், சுற்றியுள்ள பிள்ளைகளின் வழக்கம் தொற்றிக்கொள்வதும் இதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

குடியேறிய பிள்ளைகளை அவர்களுடைய சொந்த நாட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளோடு ஒப்பிடுவது இதைவிடக் கடினம். மெக்சிகோவையும் அமெரிக்காவையும் சேர்த்துச் செய்த ஆய்வுகளில், மெக்சிகோவிலேயே இருப்பவர்களைவிட அமெரிக்கா சென்றவர்களிடமும், அவர்களைவிட அங்கே பிறந்த பிள்ளைகளிடமும் போதைப்பொருள் பழக்கம் அதிகமாக இருந்தது. சிறு வயதிலேயே சென்றவர்கள் அங்கே பிறந்தவர்களைப் போலவே ஆகிவிட்டிருந்தார்கள். நான்கு வயதில் போன உங்கள் அண்ணன் மகனும் ஏறக்குறைய இந்த வகைதான். அதே ஆய்வுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. ஊரைவிட்டு எங்கும் போகாமல், நெருங்கிய உறவினர் மட்டும் அமெரிக்காவில் இருந்த மெக்சிகோக்காரர்களிடமும் இந்தப் பழக்கம் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. உறவின் வழியாக வழக்கமும் பயணம் செய்கிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நம்மவர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிருந்து வேலை விசா பெற்றுப் போகிறவர்கள் தமிழ்நாட்டின் சராசரிக் குடும்பத்தினர் அல்லர். படிப்பும் வருமானமும் உள்ள குடும்பங்களிலிருந்து போகிறவர்களே மிகுதி. ஆகவே உங்கள் அண்ணன் மகனை யாரோடாவது ஒப்பிட வேண்டுமென்றால், அதே தாத்தா பாட்டிக்குப் பிறந்த வீட்டில், அதே எதிர்பார்ப்புகளோடு இங்கே வளரும் ஒரு பையனோடு ஒப்பிட வேண்டும். அப்படிப்பட்ட பையன் உங்கள் மகன்தான். ஒருவன் வேப் பிடித்தான், மற்றவன் உரிமம் இல்லாமல் வேகம் பார்த்தான். இருவரில் உயிருக்கு உடனடி ஆபத்தில் இருந்தவன் இங்கே இருப்பவன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இங்கே ஆபத்து இல்லை என்ற எண்ணம் எப்படி வந்ததோ தெரியவில்லை. 2019இல் இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களிடம் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தார்கள். சிகரெட் பிடித்தவர்களில் 38 சதவீதம் பேர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மின்சிகரெட்டின் விற்பனையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இருந்தும் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்ளும் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை எட்டாம் வகுப்புப் பையனின் பென்சில் டப்பாவிலிருந்து நானே எடுத்திருக்கிறேன். வாசனை வராது, புகை வராது, ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வாயில் இருக்கும். மருந்துக் கடை வழியாகவும் கையிலிருந்து கைக்கும் மாறும் வலி நிவாரண மாத்திரைகள் வேறு. பேருந்துப் படிக்கட்டில் தொங்குவதும், பேருந்துத் தடத்துக்கு ஒருவனை 'ரூட்டு தல' என்று தலைவனாக வைத்துக்கொண்டு அடித்துக்கொள்வதும் இந்த நகரத்துக்கே உரிய வியாதிகள். அமெரிக்காவிலோ உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே மின்சிகரெட் பழக்கம் 2019இல் 27.5 சதவீதமாக உச்சத்தில் இருந்து, 2024இல் 7.8 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

நீங்கள் எழுதியதில் ஒன்று மட்டும் இல்லை. அந்தப் பையன் என்ன சொல்கிறான்? யாரோடு சேர்ந்து பிடித்தான், எத்தனை மாதமாக, அது இல்லாமல் காலையில் எழுந்ததும் எரிச்சலும் தலைவலியும் வருகிறதா என்று யாராவது அவனிடம் கேட்டீர்களா? நிகோட்டின் பிடிக்குள் அவன் வந்துவிட்டிருந்தால் அதற்கு அங்கேயே குழந்தை மருத்துவரிடம் வழி இருக்கிறது. விமானத்தில் ஏற்றிவிடுவதால் அந்தப் பிடி விடாது.

பதில்: டொராண்டோவில் வசிக்கும் தந்தை, சொந்த ஊர் ராயப்பேட்டை

சகோதரிக்கு வணக்கம். நான் 2006இல் கனடாவுக்கு வந்தவன். ஒரு மகள், ஒரு மகன். சனிக்கிழமைகளில் இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பதால் பல வீட்டுப் பிள்ளைகளோடு பழக்கம் உண்டு.

ஆலோசகர் சொன்னதோடு இங்குள்ள ஒரு செய்தியையும் சேர்க்க விரும்புகிறேன். ஒன்ராறியோ மாநிலத்தில் 1977 முதல் பள்ளி மாணவர்களிடம் போதைப் பழக்கம் பற்றித் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். அந்தத் தரவுகளை வைத்துத் தலைமுறை வாரியாகப் பார்த்த ஆய்வாளர்கள், வெளிநாட்டில் பிறந்து வந்த பிள்ளைகள் குடியிலும் போதையிலும் சட்ட மீறலிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருப்பதைக் கண்டார்கள். ஆனால் மன உளைச்சல் அவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. என் மகள் ஒன்பதாம் வகுப்பில் எந்தத் தப்பும் செய்யவில்லை. வீட்டுக்கு வருவாள், படிப்பாள், தூங்குவாள். தங்கமான பெண் என்று நானும் மனைவியும் நிம்மதியாக இருந்தோம். ஓராண்டு முழுவதும் பள்ளியில் மதிய உணவைத் தனியாக நூலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களுக்குக் கவலை தரக் கூடாது என்று சொல்லவில்லையாம். தப்பு செய்து பிடிபடும் பிள்ளையையாவது வீடு கவனிக்கிறது. தப்பே செய்யாமல் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கும் பிள்ளையை யார் கவனிக்கிறோம்?

இங்கே தமிழ் இளைஞர்கள் வழி தவறிய காலமும் உண்டு. ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் 1990களில் டொராண்டோவில் குழுக்களாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள்; உயிர்களும் போயின. போரைப் பார்த்துவிட்டு வந்த சிறுவர்கள் அவர்கள். அப்பாவும் அம்மாவும் இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடிய வீடுகள் அவை. அந்த நிலைமை மாறியதற்குக் காவல்துறையின் கைது மட்டும் காரணம் அல்ல. இங்கேயே வளர்ந்த தமிழ் இளைஞர்கள் தாங்களே முன்வந்து இளையோர் மையம் நடத்தி, பள்ளிக்குப் பிந்தைய நேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். அவர்களில் யாரும் பிள்ளையை ஊருக்கு அனுப்பிச் சரிசெய்யவில்லை. அனுப்புவதற்கு அவர்களுக்கு ஊரும் இல்லை.

உங்கள் அண்ணனிடம் ஒன்று கேளுங்கள். அந்த வீட்டில் பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை யார் படித்து விளக்குகிறார்கள்? பிள்ளையின் ஆங்கிலம் வேகமாக ஓட, பெற்றோரின் பேச்சு அதன் பின்னால் மூச்சு வாங்கும் வீடுகளில் அதிகாரம் தலைகீழாகிவிடுகிறது. 1992இல் மயாமியிலும் சான் டியேகோவிலும் குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வும் இந்தத் தலைகீழ் நிலையைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறது. பெற்றோரும் பிள்ளையும் ஒரே வேகத்தில் புதிய ஊரைக் கற்றுக்கொண்ட வீடுகளிலும், வீட்டு மொழியைக் கைவிடாத வீடுகளிலும் பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள். உங்கள் அண்ணன் மகனுக்குத் தமிழில் சண்டை போட வருமா? சிரிக்காதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன். அப்பாவிடம் கோபப்படும் அளவுக்காவது ஒரு பொது மொழி வேண்டும். என் மகனுக்கு அது வரும். அதனால்தான் அவன் கஞ்சா பற்றிக்கூட என்னிடம் வாதம் செய்கிறான். இங்கே 2018 முதல் கஞ்சா சட்டப்படி கடையில் விற்கப்படுகிறது. ஒன்ராறியோவில் 19 வயது ஆனவர்கள் வாங்கலாம். 17 வயதுப் பையனிடம் அது ஊரில் குற்றம் என்று மட்டும் சொன்னால் அவன் காதில் ஏறாது. அவனோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டியிருக்கிறது.

பதில்: அனுப்பப்பட்டு வந்தவன், இப்போது பெருங்குடி

எனக்கு இப்போது 27 வயது. 14 வயதில் என்னை வெர்ஜீனியாவிலிருந்து மந்தைவெளியில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நண்பர்களோடு பியர் குடித்து மாட்டிக்கொண்டேன், அதுதான் காரணம். "ஒரு வருஷம் பாட்டியோடு இரு, எல்லாம் சரியாகிவிடும்" என்று அப்பா சொன்னார். நான்கு ஆண்டுகள் இருந்தேன்.

பாட்டி என்னை உயிராகப் பார்த்துக்கொண்டார். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவருக்கு 74 வயது. என் மொபைலில் என்ன இருக்கிறது என்றோ நான் எந்தப் பேருந்தில் எத்தனை மணிக்கு ஏறுகிறேன் என்றோ அவருக்குத் தெரியாது. பள்ளியில் முதல் நாளே என் தமிழைக் கேட்டு வகுப்பு முழுவதும் சிரித்தது. 'டாலர்' என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர்களும் சில சமயம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அங்கே நான் இந்தியன், இங்கே நான் அமெரிக்கன். இரண்டு இடத்திலும் மதிய இடைவேளையில் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் நின்றவன் நான்.

என்னை முதலில் சேர்த்துக்கொண்டவர்கள் பள்ளிக்குப் பின்புறம் இருந்த பெட்டிக்கடையில் நிற்கும் பையன்கள். என் பையில் எப்போதும் பணம் இருந்தது அவர்களுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் என் தமிழைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. வெர்ஜீனியாவில் நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மந்தைவெளியில் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன். அதை விடுவதற்கு எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

அப்பா மீது இப்போது கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஆனால் அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தப்பு செய்தால் வீட்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அதனால் பாட்டி வீட்டில் நான் செய்த எதையும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து எங்கே அனுப்புவார்களோ என்ற பயம். அக்கா, உங்கள் அண்ணன் மகன் உங்கள் வீட்டுக்கு வந்தால், என்ன நடந்தாலும் அவனைத் திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்பதை அவனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பதில்: ஓய்வு பெற்ற ஆசிரியை, வில்லிவாக்கம்

மேலே எழுதியவர்கள் எல்லோரும் அனுப்பாதே என்ற பக்கமாகவே சாய்வதால், நான் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். என் பேரன் 13 வயதில் டெக்சாஸிலிருந்து இங்கே வந்தான். இப்போது கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறான், நன்றாக இருக்கிறான். அவனை வரவழைத்ததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

வேப் பிடிப்பவர்களின் சதவீதம் குறைந்துவிட்டது என்று ஆலோசகர் எழுதியிருக்கிறார். அங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. போதையைத் தொடும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடாமலேயே, 2019க்கும் 2021க்கும் இடையில், பதின்ம வயதினர் போதை மிகையால் இறப்பது இரண்டு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது. பெண்டானில் என்னும் மிகக் கடுமையான போதை மருந்துதான் முக்கியக் காரணம்; அது கலந்த போலி மாத்திரைகளும் பரவியிருக்கின்றன. தூக்கம் வரவில்லை, பரீட்சைக்குப் பதற்றமாக இருக்கிறது என்று இணையம் வழியாக ஒரே ஒரு மாத்திரை வாங்கிப் போட்ட பிள்ளை காலையில் எழுந்திருக்கவில்லை. என் மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் அப்படி ஒரு வீடு உண்டு. முதல் தப்பே கடைசித் தப்பாகிவிடும் இடத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பேசிப் பேசித் திருத்தலாம் என்று காத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த அப்பாவின் பயத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

என் பேரன் விஷயத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவன் தனியாக வரவில்லை. என் மகள் வேலையை விட்டுவிட்டு அவனோடு வந்தாள். மருமகன் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போனார். வீட்டில் நானும் என் கணவரும் இருந்தோம். கீழ்வீட்டில் என் தங்கை குடும்பம். பள்ளி விட்டு அரை மணி நேரம் தாமதமானால் மூன்று பேர் வாசலில் நிற்போம். அவனுக்கு அது ஆரம்பத்தில் பெரிய எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டான், இப்போது தாமதமானால் அவனே போன் செய்து சொல்கிறான். நங்கநல்லூர் அம்மா, உங்கள் வீட்டில் அப்படி நிற்க ஆள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவராக இருந்தால், அண்ணியும் கூட வந்தால்தான் இது சரிப்படும். உங்கள் ஒருவர் தலையில் இரண்டு பதின்ம வயதுப் பையன்களை வைப்பது நியாயம் இல்லை.

பதில்: பள்ளி ஆலோசகர், பெரம்பூர்

ஆசிரியை அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. பெண்டானில் ஆபத்து உண்மையானது. அங்கே பல பள்ளிகளில் அதை முறிக்கும் நலோக்சோன் மருந்தைக் கையிருப்பில் வைத்திருக்கும் அளவுக்கு உண்மையானது. அவர் பேரன் நன்றாக வந்ததற்குக் காரணம், தாயையும் சேர்த்து ஒரு வீடே அவனோடு இடம் மாறியது என்றே நான் நினைக்கிறேன். பெருங்குடித் தம்பி தனியாக வந்தவர்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு இன்னும் இரண்டு செய்திகள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாத சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவன் 25 வயது வரை உரிமம் பெற முடியாது. நண்பனின் அண்ணனும் இதில் மாட்டுவார் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். தனக்கு வரும் ஆபத்தைவிட நண்பனுக்கு வரும் தொல்லை இந்த வயதில் சீக்கிரம் உறைக்கும். இரண்டாவது, இருவரில் யாருக்காவது மனம் சோர்ந்து பேசத் தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவும் பகலும் தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம், தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணனிடம் உங்கள் மகனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டு அவர் முடிவெடுக்கட்டும்.

பதில்: நங்கநல்லூர் வாசகி

பத்து நாட்களாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். காயம் ஆறிவிட்டது, ஊசியும் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு பதிலையும் இரண்டு மூன்று முறை படித்தேன். பெருங்குடித் தம்பி எழுதியதை என் மகனிடமும் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் மொபைலை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரவு சாப்பிடும்போது, "மச்சானிடம் யாராவது கேட்டீர்களா?" என்றான்.

கேட்டோம். நானும் என் மகனும் ஞாயிற்றுக்கிழமை காலை அவனைத் தனியாக அழைத்துப் பேசினோம். அவன் தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி. பள்ளிக் கால்பந்து அணியில் இடம் கிடைக்காமல் போன பிறகு, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கூட நிற்பவர்களோடு ஆரம்பித்ததாம். நான்கு மாதமாக இருக்கிறதாம். காலையில் எரிச்சல் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றான். அதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் சொல்லும்போது நானும் கூட இருப்பேன் என்றேன்.

அன்று இரவு எல்லோருமாக வீடியோ அழைப்பில் உட்கார்ந்தோம். அவனை முந்திக்கொண்டு என் மகனே சட்டைக் கையை மடித்து, தழும்பை மாமாவிடம் காட்டி, எங்கே, எப்படி, எத்தனை முறை என்று எல்லாவற்றையும் சொன்னான். நான் அவனை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அண்ணனுக்கு வெகுநேரம் பேச்சு வரவில்லை. அண்ணிதான் முதலில் பேசினார். மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டதாகவும், ஜூனில் பையனைத் தனியாக அனுப்பச் சம்மதமில்லை, விடுமுறைக்குத் தானும் கூட வந்து ஆறு வாரம் இருந்து பார்ப்பதாகவும் சொன்னார். அண்ணன் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அழைப்பை முடிக்கப் போகும் நேரத்தில் அண்ணன் திடீரென்று தன் மகனைப் பார்த்து, தான் பதினேழு வயதில் பழவந்தாங்கலிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை தினமும் மின்சார ரயிலில் வெளியே தொங்கிக்கொண்டு போனதையும், ஒரு நாள் கம்பத்தில் தோள் இடித்ததையும், அது தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது என்பதையும் சொன்னார். எனக்கே அது தெரியாது. பையன் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தத் தோள்?" என்று தமிழில் கேட்டான்.